பூஜையில் வைத்த மதகு

1

அகராதி ஒன்றுக்கு 'மதகு' என்ற சொல்லுக்குக் குறிப்பு எழுதித்தர ஒப்புக்கொண்டேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. இப்படித் தொடங்கினேன்:

மதகு: ஏரி, குளங்களில் தண்ணீரைத் திறந்துவிடவும் அடைக்கவும் அமைக்கும் வழி. சில ஊர்களில் வாய்க்கால்மேல் கட்டிய சிறு பாலமும் மதகுதான். சாயங்காலம் அதில் உட்கார்ந்து...

உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்று எழுதுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

(ஒரு விஷயம். இன்று சரஸ்வதி பூஜை. பேனாவும் லேப்டாப்பும் பூஜையில் இருக்கின்றன; நாளை புனர்பூஜை முடியும்வரை தொடக் கூடாது. இதைக் கைப்பேசியில் தட்டுகிறேன். அதற்கும்தான் பொட்டு வைத்தேன். வைத்த கையோடு எடுத்துக்கொண்டேன், யாராவது கூப்பிடுவார்களே என்று.)

2

சென்னைக்கு இந்தச் சொல் இனி எதற்கு? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. ஏரி போனபோது மதகும் போயிற்று. சொல் மட்டும் வேலையில்லாமல் திரிந்தது. அதைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர், ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் பத்ரிநாராயணன்.

எங்கள் மதிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் மழைத்தண்ணீர் மதிலுக்கு அடியில் ஒரு கால்வாய் வழியாக எங்கள் வளாகத்துக்குள் வந்து, தெருவுக்குப் போகும். சந்துக்கு வேறு வழி கிடையாது. போன வருஷம் அது பொங்கி எங்கள் கார்களை நனைத்துவிட்டது. இந்த வருஷம் பத்ரி மாமா கால்வாய் வாயில் ஓர் இரும்புப் பலகையை இறக்கி, "நம்ம மதகு" என்று பெயரும் வைத்துவிட்டார். இன்று காலை அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி.

(அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் ரசம் கொண்டுவந்து வைத்தவர்.)

3

மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஜுவேரியா. சந்தின் முதல் வீடு. எங்கள் ரவிக்கைகளுக்கெல்லாம் ஆரி வேலை செய்பவள். எதன்மேலோ ஏறி நின்றிருந்தாள்.

"மேகலாக்கா, தண்ணி வாசப்படியாண்ட வந்துட்சு. துணிய எல்லாம் கட்டில் மேல ஏத்திட்டேன். மிஷினு மோட்டரோட கீழயே கீது, தூக்க முடியலக்கா. அந்தப் பலகைய எடுக்கச் சொல்லேன்."

அந்தத் தையல் மிஷின்தான் அவள் வீட்டின் ஒரே சம்பாத்தியம். கீழே கார்களைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"பூஜையில வெச்சதத் தொடப்படாது, மேகலா. கார்த்தால புனர்பூஜை பண்ணிட்டு மொதக் காரியமா எடுத்துடலாம்."

"லிஃப்டுக்கும்தான் பொட்டு வெச்சோம் மாமா. நீங்க அதுலதானே இறங்கி வந்தீங்க?"

"அது வேற. இந்த முழங்கால வெச்சிண்டு மூணு மாடி ஏற முடியுமோ?" கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. "அந்தப் பொண்ணாத்துக்குச் சுண்டல் குடுத்தனுப்பறேன்."

4

மாடிக்குத் திரும்பி வந்து முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஜுவேரியாவின் கட்டில்மேல் இருப்பது மாமா மகளின் முகூர்த்த ரவிக்கை என்று தெரியவருகிறது. மாமா ஓடிவந்து பலகையைத் தூக்குகிறார். (அழித்துவிட்டேன். அப்போதும் அவர் காப்பாற்றுவது ரவிக்கையைத்தான்.)

மழை நின்றுவிடுகிறது. (சென்னையில் இதை நம்பிக் கதை எழுத முடியாது.)

தண்ணீர் வீட்டுக்குள் போகிறது. மிஷின் மூழ்குகிறது. கட்டில்மேல் உட்கார்ந்து ஜுவேரியா சுண்டல்... இதுதான் நடக்கப்போகிறது. எழுதவே எனக்கு அவமானமாக இருந்தது.

5

கீழே இறங்கிவிட்டேன். லிஃப்டில்தான்.

பலகைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒருவர் இழுத்தால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் சிக்கிக்கொள்கிறது. மாமா பின்னாலேயே வந்துவிட்டார். என்னைத் தடுக்கவில்லை. "நனையாதீங்கோ" என்று என் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். பலகைப் பக்கம் மட்டும் பார்க்கமாட்டேன் என்கிறார்.

"உள்ள பூந்துட்சுக்கா!" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஜுவேரியாவின் குரல். அவள் கை இங்கே எட்டாது.

(பலகையைப் பிடித்துக்கொண்டு எப்படி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கையைத்தான் பலகையில் வைத்திருக்கிறேன். இன்னொரு கையில் கதை இருக்கிறது.)

அதைக் கீழே வைக்கிறேன். முடிவுக்காகக் காத்துக்கொண்டு நிற்காதீர்கள். பலகையின் மறுபக்கக் கைப்பிடி காலியாக இருக்கிறது. சாமந்திச் சரத்தை ஒதுக்கிவிட்டுப் பிடியுங்கள். நான் மூன்று சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்து