உள்ளபடியே திருப்பி அனுப்பவும்

டாக்ஸியிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்து, வந்த அழுகையைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு, சின்னபொண்ணு தம்பியிடம் தந்தியை நீட்டினாள்.

"இன்னாடா இது?"

சீனுவாசன் வாங்கிப் பார்த்தான். 'உரிமையாளர் இறந்துவிட்டார். ரிப்பேர் வேண்டாம். உள்ளபடியே திருப்பி அனுப்பவும்.'

காலையில் திண்டிவனம் தந்தி ஆபீசில் அவன் எழுதிக் கொடுத்தவை இரண்டு. ஒன்று சேலத்திலிருக்கும் அக்காவுக்கு. இன்னொன்று, வடக்கே பேர் வாயில் நுழையாத ஓர் ஊரில், அப்பாவின் கைத்துப்பாக்கியை ரிப்பேருக்கு வாங்கி வைத்திருக்கும் கம்பெனிக்கு. விலாசம் மாறிவிட்டது. அங்கே இந்நேரம் யாரோ ஒரு மேனேஜர், 'அப்பா காலமானார், உடனே புறப்பட்டு வரவும்' என்ற தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு தன் தகப்பனுக்காக அழுதுகொண்டிருக்கலாம்.

இத்தனைக்கும் அவன் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க். பதினாறு வருஷ சர்வீசில் மீன் கூடையையும் பூக்கூடையையும்கூட மாற்றி அனுப்பாதவன். சொந்த விஷயம் என்றால்தான் கைக்கு இந்தச் சாமர்த்தியம் வரும்.

"உரிமையாளர்னா அப்பாவாடா? ரிப்பேர் வேணாம்னு எனக்கு எதுக்குடா சொல்றே? நான் இன்னா டாக்டரா, மெக்கானிக்கா?"

"மாறிப் போச்சுக்கா."

"எல்லாம் மாறும். நீ மட்டும் மாறமாட்டே" என்றுவிட்டு, நிறுத்தி வைத்திருந்த அழுகையைத் திறந்துகொண்டு பந்தலுக்குள் ஓடினாள்.

பந்தலில் அரங்கநாதன் பெஞ்சின் மேல் கிடந்தார். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்ததால், முதல் தடவையாக மகனை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

ஓமந்தூர்ப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் மல்லாட்டைக்கு, வெறும் வேர்க்கடலைக்கு, எதற்குக் கைத்துப்பாக்கி என்று இருபத்தைந்து வருஷமாக ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்பதற்காகத்தான் அதை அவர் வாங்கியதே. ஊர்க்கூட்டத்தில் வியர்வை துடைக்கிற சாக்கில் ஜிப்பாவைத் தூக்கித் தூக்கி இடுப்பைக் காட்டுவார். ஊரும் தாட்சண்யத்துக்குப் பயந்து வைத்தது. ஆயுசில் ஒரே ஒரு தரம் சுட்டார், கொல்லையில் இறங்கிய காட்டுப் பன்றியை. குண்டு சொந்தப் பம்புசெட் கொட்டகை ஓட்டில் போய்ப் பட்டது. பன்றி நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கியதாம்.

எண்பத்து நாலாம் வருஷம் பங்குனியில், அவருக்கு வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வந்த மகனிடம் பீரோ சாவியைத் தூக்கிப் போட்டார்.

"அத எடுத்தாடா. தொடைக்கணும்."

எடுத்து வந்த சீனுவாசன் அதைச் சிமெண்டுத் தரையில் கீழே போட்டான். ஏன், எப்படி என்றெல்லாம் இல்லை, போட்டான். கிழவர் குனிந்து எடுத்து விசையை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். ஊஹூம்.

"துப்பு கெட்டவன் கையில துப்பாக்கியக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

அன்றிலிருந்து ஐந்து மாசம் இதே பல்லவி. பார்க்க வந்தவர்கள் உடம்பு எப்படி என்று கேட்டால், மகன் துப்பாக்கியைக் கீழே போட்ட கதையைச் சொன்னார். கேட்டவர்களும் உடம்பை மறந்துவிட்டு சீனுவாசனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் அவன் செய்த காரியங்களை வேறு எந்தப் பிள்ளையும் செய்திருக்கமாட்டான். அனுமதிக்காகக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மூன்று நடை நடந்தான். ஆறு தோட்டாக்களையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினான். மரப்பெட்டி செய்து, வைக்கோல் திணித்து, ஆணி அடித்து, சாக்கில் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, தானே எடை போட்டு, தானே புக் செய்து, ரயிலின் பார்சல் வேனில் தானே ஏற்றினான். பிறகு மாசம் தவறாமல் கம்பெனிக்கு ஒரு கடிதம்: 'உரிமையாளர் மிகவும் ஆவலாக இருக்கிறார். தயவுசெய்து விரைவில் அனுப்பவும்.'

ஞாயிறுதோறும் கிழவர் கேட்டது ஒரே கேள்விதான். "வந்துச்சா?"

நாலு நாளைக்கு முன்னால் வந்தது, துப்பாக்கி இல்லை, பதில். 'கீழே விழுந்ததால் பழுது ஏதும் ஏற்படவில்லை. உள்பாகங்களில் இனிப்பான பொருள் ஒன்று இறுகிப் போயிருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்று தெரிவிக்கவும்.'

ஐந்து மாசத் திட்டுக்கும் பதில் அந்தத் தாளில் இருந்தது. அதை நீட்டி ஒரு தரம், ஒரே ஒரு தரம், 'பாருப்பா, நான் இல்ல' என்று சொல்லிவிடவேண்டும் என்று ஓடி வந்தான். அதற்குள் கிழவருக்கு நினைவு தப்பிவிட்டது. செத்தும் கெடுத்தார்.

அப்படியானால் யார்? எப்படி? இந்த ஒன்று மட்டும் அவனுக்குத் தெரிந்தாகவேண்டும். சாவு வீட்டில் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனால் அவனுக்கு வேறு இடமும் இல்லை.

ஹெட் கான்ஸ்டபிள் ராயப்பன், மாலையும் லத்தியுமாக வந்தார். மாலையைப் போட்ட கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"லைசென்ஸ்தாரரு போயிட்டாரு. பொருளு ஸ்டேஷனுக்கு வரணுமே?"

"கம்பெனில இருக்குதுங்க. தந்தி குடுத்துட்டேன்" என்றான். முழுப் பொய் இல்லை. "ஏங்க, துப்பாக்கிக்குள்ள இனிப்பு எப்படிங்க போவும்?"

ராயப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க காலையிலருந்து ஒண்ணும் சாப்புடல போலகீது. ஒரு சோடா குடிங்க."

அக்காவிடம் கடிதத்தைக் காட்டினான். மூக்கைச் சிந்திவிட்டுப் படித்தாள். "வெல்லம் தின்ன கையோட தொட்டிருப்பே. சின்னதுலருந்தே உனுக்கு அந்தப் பழக்கம்."

கடைசியாக அம்மா. கோவிந்தம்மாள் புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து காதோடு கேட்டான். "அம்மா, அந்தத் துப்பாக்கில..."

அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "பூ பத்தல. போயி வாங்கியா."

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் பயந்த ஊர், வாரிசு யார், பாகம் எத்தனை என்று பேசிக்கொண்டே பின்னால் வந்தது. சுடுகாட்டில் தலையை மழித்து, தோளில் குடத்தை ஏற்றினார்கள். மூன்று சுற்றுச் சுற்றி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டான். அவன் கீழே போட்டதற்கு யாரும் திட்டாத ஒரே சாமான் அதுதான்.

வீடு திரும்பி, விளக்கைக் கும்பிட்டு, நொண்டிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனான். பங்காளிகள் எல்லாம் வாசல் பந்தலில் காப்பிக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். துணி துவைக்கும் கல்லில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"கால்ல இன்னாடா?"

"கருவேல முள்ளு. சுடுகாட்டுல வாங்குனது."

"காட்டு."

பாதத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி, மாடக்குழி விளக்கின் பக்கம் காலைத் திருப்பிக் குத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நீ போட்டதுல அது ஒண்ணும் ஆவல" என்றாள். "நாந்தான் பாகு ஊத்தினேன்."

"இன்னா பாகு?"

"மல்லாட்ட உருண்டைக்குக் காச்சின பாகு. ஒரு கரண்டி. வெளிய ஈரத்துணி வெச்சித் தொடச்சிட்டேன். அன்னிக்குக் காலையிலதான். மத்தியானம் நீ வந்து கீழ போட்டே. நல்லதாப் போச்சுன்னு உட்டுட்டேன்."

"ஏம்மா?"

"ஆடாத." ஊக்கு இன்னும் ஆழமாகப் போனது. "வலி வந்தா பீரோ சாவியத் தேடுவாரு. மருந்து உள்ள வெச்சிகிறாராக்கும்னு மொத நாளு நெனச்சேன். ரெண்டாம் நாளு அவரு கையில அதப் பாத்தேன், தெரிஞ்சி போச்சு."

வாசலில் யாரோ சர்க்கரை பத்தவில்லை என்று சத்தம் போட்டார்கள்.

"கெணத்துல போட்டிருந்தா ராயப்பன் வந்து உன்னத்தான் இட்டுக்கினு போவான். கெட்டுப் போச்சுன்னா ரிப்பேருக்குப் போவும். போயி வர நாளாவும். ஆவுற வரைக்கும் ஆவட்டும்னு இருந்தேன்." ஊக்கைத் திருப்பிப் பிடித்தாள். "நீ வேற ஜல்தி அனுப்பு, ஜல்தி அனுப்புன்னு மாசா மாசம் லெட்டர் போட்டுக்கினு கெடந்தே. தபால்காரன் வர்றப்பல்லாம் எனக்கு ஈரக்கொல நடுங்கும்."

சீனுவாசன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அஞ்சு மாசம் என்னத் திட்டினாரேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்பிடிச் சொல்றது? உன்னத் திட்றதுக்குன்னுதான் காலையில எழுந்து உக்காருவாரு. அப்பத்தான் ரெண்டு வாய் கஞ்சி எறங்கும்."

முள் எப்போதோ வந்துவிட்டிருந்தது. அம்மா ஊக்கைத் திரும்ப ரவிக்கையில் குத்திக்கொண்டாள். சீனுவாசன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.