வெண்கலப் பெருவிரல்

‘உழைப்பாளியின் உருவம் என்றும் அழியாது’ என்று எங்கள் ஊர் அரசு அலுவலகத்தின் முன்னே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மேலே, மூன்று ஆள் உயரத்தில் வெண்கலத்தில் ஓர் உருக்காலைத் தொழிலாளி. உருவம் அழியவில்லைதான். முகத்தைப் புறாக்கள் மெழுகிவிட்டதால் யாரென்று தெரியவில்லை, அவ்வளவே.

உலைக்கு எதிரே வெறுங்காலோடு நிற்கிறான். அதில்தான் சிற்பிக்கு வீரம் தெரிந்ததாம். உள்ளே மனு கொடுக்கப் போகிறவர்கள் காரியம் கைகூட வேண்டி அவனுடைய கால் பெருவிரலைத் தடவிவிட்டுப் போவார்கள். அது மட்டும் தங்கமாய் மின்னும்.

முகத்துக்கு மாதிரியாக நின்றவன் என் நண்பன் பென்கோ, அசல் உலைத் தொழிலாளி. ஆலை அலுவலகத்தில் தட்டச்சு செய்த நானும் சிற்பியின் பட்டறைக்குப் போய்வந்ததுண்டு. திறப்பு விழாவன்று மதுக்கடையில் யாரோ என்னைப் பார்த்து, “அது நீதானேப்பா?” என்றார்கள். மறுக்கவில்லை. அடுத்த வருடம் நானே சொல்ல ஆரம்பித்தேன். “இவன் உலையைப் பாத்ததே ஜன்னல் வழியாத்தான்” என்று சிரிப்பதோடு பென்கோ விட்டுவிடுவான். ஆனால் சாகும்வரை சிலைப் பக்கம் வரவில்லை.

அவனுடைய ஆறாம் மாத நினைவு நாளன்று அவன் மனைவி ரூஸ்கா என்னைச் சிலைக்கு அழைத்துப் போனாள். கதவுகளில் ஒட்டியதுபோக மீந்த, அவன் படம் போட்ட இரங்கல் தாள் ஒன்று கையில் இருந்தது.

“அசென் அண்ணே, கடைசி நாள்ல ‘அது நான்தான்’னு சொன்னாரு. மருந்து மயக்கத்துல உளறாதீங்கன்னு அதட்டிட்டேன். நீங்க சொல்லுங்க. அவரா, நீங்களா?”

“தலையிலேர்ந்து கால்வரைக்கும் அவன்தான். நான் சொன்னதெல்லாம் பொய்.”

“நாப்பது வருஷம் அதைச் சொல்லியே ஓசியில ராக்கியாச் சாராயம் குடிச்சீங்களே, வயிறு வலிக்கலையா?”

வலித்தது என்று சொன்னால் நம்பமாட்டாள்.

தாளை உயர்த்திப் பிடித்து முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். புறா எச்சம்தான் தெரிந்தது. பீடத்தில் சாய்ந்து, எட்டிய பெருவிரலில் நெற்றியை வைத்து, முத்தமிட்டு அழுதாள். “நம்பாமப் போயிட்டேனே…”

கைக்குட்டையால் விரலைத் துடைத்தவளின் கை சட்டென்று நின்றது.

“அவருக்கு இந்த எலும்புப் புடைப்பு கிடையாதே, அண்ணே?”

“சிற்பிக்குக் கை தவறியிருக்கும்” என்றேன்.

சிற்பி கால்களை வடித்த மாதம் பென்கோவுக்கு மதிய ஷிஃப்ட். கால்களுக்கு நின்றவன் நான். அந்தப் புடைப்புக்காக இன்றும் ஓர் அளவு பெரிய ஷூதான் வாங்குகிறேன்.