அப்பா சொன்னதாக அண்ணன் சொன்னது

உயிரோடு இருந்தவரை அப்பா வாயைத் திறந்ததே அபூர்வம். லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் கை கழுவுவார், சாப்பிடுவார், எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார், அதுவும் பெரியவன் வாய் வழியாக.

டயர் கடை வைத்திருந்த பெரியவனுக்கு எதற்கெடுத்தாலும் ஓர் அப்பா வாக்கு கிடைத்தது. பழைய சோபாவை விற்கக் கூடாது. "உழைச்சு வாங்கின பொருள் பேசும்னு அப்பா சொல்வார்." அம்மா பல் பிடுங்க வேண்டாம். "வலியைப் பொறுத்தா உடம்பு வைரமாகும்னு சொல்வார்."

சின்னவளுக்குச் சந்தேகம் தட்டியது. அந்த சோபாவைத் தூக்கிப் போடச் சொன்னதே அப்பாதானே? ஆனாலும் செத்தவரை எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பது?

அவள் பிசியோதெரபிஸ்ட். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்திருந்தது. சொன்னதுமே பெரியவன் தொண்டையைச் செருமினான்.

"வீட்டை விட்டுத் தள்ளிப் போனா நிம்மதியும் தள்ளிப் போகும்னு அப்பா அடிக்கடி சொல்வார்மா."

"உங்கிட்ட மட்டும் எப்பண்ணா சொன்னார்?"

"கடைக்கு வருவார்ல, அப்ப."

அப்பா கடைக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்குவார். அது அவளுக்கும் தெரியும். மறுநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவளே ஒரு வாக்கியம் கட்டினாள். சாப்பிட உட்கார்ந்ததும் எடுத்து விட்டாள்.

"அண்ணன் தங்கச்சி தூரமா இருந்தாத்தான் பாசம் கெடாம இருக்கும்னு அப்பா சொல்வாரே, ஞாபகம் இருக்காண்ணா?"

பெரியவன் மென்றுகொண்டே தலையாட்டினான். "ஏன் இல்ல? எங்கிட்டயும் சொல்லியிருக்கார்."

"அதை இன்னிக்கு பஸ்ல நான் கட்டினேன்."

அவன் முகம் செத்துப்போனது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "நீ எங்க கட்டின? அது உங்கப்பா சொன்னதுதான். உங்க அத்தை இங்கயே வந்து தங்குறேன்னப்ப சொன்னார்."

"பாத்தியா!" என்று பெரியவன் நிமிர்ந்தான். நிமிர்ந்த பிறகுதான் எதில் மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. அப்பாவே சொல்லிவிட்டார். இனி எந்த வாயால் தடுப்பது?

சின்னவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அம்மா தலை நிமிராமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நிஜமாவே சொன்னாரா?"

"உங்கப்பா என்ன, எங்கிட்டயும் பேசாமயா குடித்தனம் பண்ணினார்?"

அது பதிலா, மழுப்பலா? அந்த முகத்தில் எதுவும் பிடிபடவில்லை.

அவள் அந்த ஊருக்கே போய் வேலையில் சேர்ந்தாள். வேலை பிடித்திருந்தது. ஒருநாள் அம்மா போன் செய்தாள்.

"உங்கண்ணன் இப்பல்லாம் அப்பா பேரையே எடுக்கிறதில்லடி."

"நல்லது. திருந்திட்டானா?"

"எங்க? இப்ப யாரோ ஜப்பான் ஞானியாம். நாலு நாளா அவர்தான் பேசிட்டிருக்கார்."