வெள்ளை அட்டை

...மஸ்கட் டிக்கெட் எப்படியும் நம்ம வீட்டுக்குத்தான் என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு ஆத்திரம், நான் எதற்காகச் சிரித்தேன்? நம்ம வீடு நம்ம வீடு என்று காலையிலிருந்து இதே பாட்டு. ஷார்ஜா முவைலாவிலிருந்து கிளம்பும்போது லிஃப்டில் சொன்னார், அல் ஐன் ரோட்டில் டீ வாங்கும்போது சொன்னார், இப்போது கிளப்பில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லியாயிற்று. மஸ்கட் துப்பாக்கி சுடும் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து நாலு பேர் போகிறார்கள், மூன்று பேர் முடிவாகிவிட்டது, நாலாவது ஆள் நானா என் வீட்டுக்காரர் லுக்மானா என்பது இன்றைக்கு இந்தக் கடைசிச் சுற்றில் தெரிந்துவிடும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு இடத்துக்கு மோதுகிறார்கள் என்பது இவர்களுக்கெல்லாம் வேடிக்கை. எனக்கு வேடிக்கையாக இல்லை. எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான், வாய்விட்டுச் சொன்னால் என்ன, சொல்ல மாட்டேன், சொன்னால் உடனே அவர், போயேன் புள்ள, யாரு வேணாங்கிறா என்று தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார், அப்புறம் ஆயுசுக்கும் அது அவர் கொடுத்ததாகிவிடும்.

அவர் கோட்டில் போய் நின்றுவிட்டார். அடுத்தது நான். அடுத்து சுடப் போகிறவர் எந்த வேலையும் செய்ய வேண்டாம் என்பது இங்கே வழக்கம், அட்டையில் விழுந்த ஓட்டைக்கு டேப் ஒட்ட வேண்டாம், விழுந்த தகட்டை நிமிர்த்த வேண்டாம், பின்னால் நின்று தோட்டாவை பெல்ட்டில் அடுக்கிக்கொண்டு தன் சுற்றை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓட்டிப் பார்க்கிறேன். முதலில் மேஜையில் ரைஃபிள், தூரத்து இரும்பை இரண்டு தடவை அடிக்க வேண்டும், லாக் போட்டு டிரம்முக்குள் வாயைக் கீழே வைத்து இறக்கணும், லாக் போட மறந்தால் அங்கேயே வீட்டுக்குப் போகலாம், பிறகு ஷாட்கன், வரிசையாகத் தகடுகள், நடந்துகொண்டே தோட்டா நிரப்பணும், அதையும் டிரம்மில் போட்டுவிட்டுக் கடைசியில் இடுப்புப் பிஸ்டல், பழுப்பு அட்டைகள். பழுப்பு அட்டைகளுக்கு நடுவே பாதி மறைத்தபடி ஒரு வெள்ளை அட்டை. பழுப்பெல்லாம் எதிரி, வெள்ளை அப்பாவி, அதில் ஒரு குண்டு பட்டால் பத்து செகண்ட் கூட்டிவிடுவார்கள், யார் குறைந்த நேரமோ அவருக்கு டிக்கெட். அந்த வெள்ளை அட்டைதான் எங்க மாமனார், பாத்து அடி என்று போன மாதம் ஒரு ஜோக். என் வாப்பாவைச் சொல்கிறார். அதற்கும் சிரித்தேன்.

பீப் அடித்துவிட்டது, அவர் சுடுகிறார், நான் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவர் வேகம் என் கைக்கு வந்துவிடும். காதுமூடி வேறு... ஸ்கார்ஃபுக்கு மேலே போட்டால் இடுக்கு வழியாகச் சத்தம் மண்டைக்குள் இறங்குகிறது, ஸ்கார்ஃபுக்கு உள்ளே போட்டால் தலை பானை மாதிரி வீங்கிக்கொண்டு நிற்கிறது, எத்தனை வழியில் பின் குத்திப் பார்த்தாயிற்று. இவற்றைச் செய்கிறவன் ஒருத்தனுக்கும் ஸ்கார்ஃப் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது போல. அவருக்கென்ன, ஒரு தொப்பி, முடிந்தது கதை. ஷாட்கன் சத்தம் வந்துவிட்டது. நிரப்புகிறார், நிறுத்தி நிறுத்தி நிரப்புகிறார், அதில்தான் அவர் கோட்டை விடுவார். நான் விடமாட்டேன். துப்பாக்கி கிளப்பினுடையது, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, தோட்டா ஒன்றைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாது, அப்புறம் எதை வைத்துப் பழகுவது? நஜீஹாவின் ஸ்கூல் பையிலிருந்து கம் ஸ்டிக், அதே தடிமன், அதே நீளம், சோறு வேகும் நேரத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டிரண்டாகப் பிடுங்கி அடுப்படி டிராயரின் கைப்பிடி இடுக்குக்குள் தள்ளுவேன். மம்மி, தட்ஸ் மை க்ளூ, யூ ஆர் சோ வியர்ட் என்பாள் மகள். மஸ்கட் போனால் நஜீஹாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இவர் உம்மா, மாமி ரஹீமா பீவி, காயல்பட்டினத்திலிருந்து போனில் கேட்டார்கள், என்னிடம்தான் கேட்டார்கள், அவர் போவதாக இருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

நான்தான் கத்துக்குடுத்தேன் என்பார் எல்லோரிடமும். உண்மைதான், முதல்முதலில் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர், துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று காட்டியவர் அவர், இல்லையென்றா சொன்னேன். ஆனால் அதற்கப்புறம் அவர் பாட்டுக்கு ஷார்ஜா கடையில் லைட்டும் ஃபேனும் விற்றுக்கொண்டிருக்க, நான் அல்லவா கம் ஸ்டிக்கோடு மல்லுக்கட்டினேன்? லுக்மான் பாய் வீட்டம்மாவை நல்லா ட்ரெய்ன் பண்ணிருக்காருங்க என்பார்கள் கிளப்பில்... சர்க்கஸில் சேர்த்துவிட்ட மாதிரி. கேரம் போர்டு விஷயம் ஞாபகம் வந்து தொலைக்கிறது, இப்போதா வர வேண்டும். கல்யாணமான புதுசில், எங்கள் வீட்டு மாடியில், என் கூடப்பிறந்த காக்காமார் எல்லாரும் சுற்றி நிற்க ரெட் காயையும் போட்டு ஃபாலோவும் போட்டு இவரை ஜெயித்தேன், வீடே கைதட்டியது, எவ்வளவு சந்தோஷம், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில் இவருடைய சேக்காளி ஒருத்தர் சொல்லித்தான் தெரியும், இவர் அவர்கள் ஊர் கிளப்பில் கேரம் சாம்பியன் என்று. ஏன் சொல்லல என்று கேட்டதற்கு, நீ சந்தோஷமா இருந்தியே என்றார். அன்றிலிருந்து அந்தக் கைதட்டலை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.

சுட்டு முடித்துவிட்டார். நாற்பத்தெட்டு செகண்ட், பெனால்டி இல்லை. நடுவர் சாகிர் காக்கா டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டே சத்தமாகப் படிக்கிறார், அவர் இலங்கை, கண்டிக்காரர், எதையும் இரண்டு தடவை சொல்லுவார். துபாய் கராமாவில் கணக்கெழுதும் ஜெயபாரதி பழுப்பு டேப்பை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஓட்டைகளை ஒட்டிக்கொண்டு போகிறாள், நல்ல பெண், ஆனால் ஒட்டும்போது வாய் பேசிக்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரர் நேராக என்னிடம் வருகிறார், இடுப்புக் கொக்கியில் வழக்கம்போல வெள்ளை டேப் சுருள் ஆடுகிறது, வெள்ளை அட்டைக்கு ஒட்டுவது எப்போதும் அவர் வேலை. "பதறாம அடி புள்ள. ஷாட்கன்ல அவசரப்படாத, என்னா?" நான் கேட்டேனா? "தெரியும் மச்சான்." "இல்ல, கடைசி அட்டகிட்ட மணல் கொஞ்சம் சறுக்குது, அதுக்குத்தான் சொல்றேன்." நல்லதுக்குத்தான் சொல்கிறார், எப்போதும் நல்லதுக்குத்தான், நல்லதைச் சொல்லிச் சொல்லியே என் மூச்சை வாங்கிவிடுவார். ஜெயிச்சாலும் தோத்தாலும் நம்ம வீட்டுக்குத்தான் என்று மறுபடி ஆரம்பிக்கிறார், நான் காதுமூடியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கோடு. தயாரா என்கிறார் சாகிர் காக்கா. பிஸ்மில்லாஹ். பீப்... ரைஃபிள் தோளில் வந்துவிட்டது, இரும்பு ஒன்று, இரண்டு, சத்தம் தாமதமாக வருகிறது, லாக், டிரம், போச்சு, ஷாட்கன், தகடு விழுகிறது, விழுகிறது, விழுகிறது, கை தன்னால் இடுப்புக்குப் போகிறது, இரண்டு, இன்னும் இரண்டு, உள்ளே, கம் ஸ்டிக், தட்ஸ் மை க்ளூ, சிரிக்காதே, நட, தகடு, தகடு, ஒன்று நிற்கிறது, மறுபடி, விழுந்தது, லாக், போட்டேனா, போட்டேன், டிரம், பிஸ்டல். பழுப்பு இரண்டு குண்டு, பழுப்பு இரண்டு குண்டு, யாரும் இல்லை, அவர் இல்லை, மாமி இல்லை, வெயில்கூட இல்லை, இப்படி ஒரு இடம் எனக்கு இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, கடைசி அட்டை, கால் வைக்கிறேன், மணல் லேசாக... ஒன்று. இரண்டு. முடிந்தது. காலி செய்து காட்டச் சொல்கிறார், காட்டுகிறேன், உறையில் வைக்கிறேன். "நாற்பத்து மூணு! நாற்பத்து மூணு தங்கச்சி!" ஜெயபாரதி ஓவென்று கத்துகிறாள். அல்ஹம்துலில்லாஹ். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை, மஸ்கட் ரோட்டில் மலையெல்லாம் கறுப்பாக இருக்குமாமே...

அட்டை அட்டையாகப் பார்த்துக்கொண்டே போன சாகிர் காக்கா கடைசி இடத்தில் குனிந்து நின்றுவிட்டார். வெள்ளை அட்டையின் ஓரத்தில், நிழல் விழுகிற பக்கம், ஒரு ஓட்டை. சின்னதாக, சுத்தமாக. "இது உங்கட வெடியா தங்கச்சி? உங்கடதா?" நான் பக்கத்துப் பழுப்பு அட்டைக்கு ஓடினேன். பழுப்பில் என் இரண்டு குண்டும் இருக்கின்றனவா? இருக்கிறது ஒன்றுதான் தெளிவாக, இன்னொன்று பழைய டேப்புகளின் விளிம்பில் கிழிந்த மாதிரி, அது குண்டா கிழிசலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஜெயபாரதி ஓடி வந்தாள், "ஐயோ, முன்னாடியே இருந்துச்சான்னு தெரியலயே, என்கிட்ட பழுப்பு டேப்தான் இருந்துச்சு, வெள்ளைய நான் பாக்கவே இல்லைங்க." பார்க்கமாட்டாள்தான். வெள்ளை டேப் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வெள்ளையைப் பார்ப்பார், அது இவர் இடுப்பில் இருந்தது, சுட்டவர் தன் அட்டையைத் தானே ஒட்டக் கூடாது, ஆகவே இவர் சுட்ட பிறகு அந்த வெள்ளை அட்டையை ஒருத்தரும் தொடவில்லை. என்னுடையது என்றால் எனக்கு ஐம்பத்து மூன்று, அவர் போகிறார். அவருடையது என்றால் அவருக்கு ஐம்பத்தெட்டு, நான் போகிறேன். "சந்தேகம் எண்டா தங்கச்சி திரும்ப ஒருக்கா சுடலாம், சட்டம் அப்படித்தான்" என்றார் சாகிர் காக்கா. சுடறேன் காக்கா, இன்னும் பத்துத் தடவைகூடச் சுடறேன் என்று வாய் திறக்கப் போனேன்.

"சந்தேகமே இல்ல காக்கா, அது என்னோடது" என்றார் என் வீட்டுக்காரர். "கால் சறுக்குனப்பவே தெரியும்." பின்னாலேயே நின்றிருக்கிறார், சொல்லிக்கொண்டே வெள்ளை டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து அந்த ஓட்டையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தடவினார். அவ்வளவுதான். யாரோ கைதட்டினார்கள், ஜென்டில்மேன் என்றார்கள், ஜெயபாரதி என்னைக் கட்டிக்கொண்டு உங்க வீட்டுக்காரர் தங்கம்ங்க என்றாள். "காக்கா, எனக்குத் திரும்பச் சுடணும்" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. சாகிர் காக்கா டேப்லெட்டை நீட்டினார், "ஒட்டியாச்சு, அவர் ஒத்துக்கொண்டிட்டார், கலாஸ், முடிஞ்சுது. கையெழுத்துப் போடுங்க தங்கச்சி." எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன்.

இப்போது நான் என்னவென்று நினைப்பது? கால் சறுக்கியபோதே தெரியும் என்கிறார், தெரிந்திருந்தால் சாகிர் காக்கா பெனால்டி இல்லை என்று படித்தபோது ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றார்? என் தலையில் விழட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு மனசு கேட்காமல் சொன்னாரா? செய்யக்கூடிய ஆள்தான், வட்டலப்பத்தை மொத்தமாக வழித்துத் தின்றுவிட்டுக் கண்ணில்கூட ஒரு அசைவு இல்லாமல் நஜீஹாவைக் கைகாட்டியவர்தானே. இல்லை, சறுக்கியது என் கால்தானா, மணல் லேசாக... அந்த இரண்டில் ஒன்று எங்கே போனது? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, நான் அத்தனை சந்தோஷமாக இருந்துவிட்டேன். கேட்டே விட்டேன், தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தவரிடம், யாருக்கும் கேட்காமல், "உண்மையச் சொல்லுங்க மச்சான், உங்களோடதுதானா?" அவர் சிரித்தார், கேரமில் தோற்றுவிட்டு அந்த மாடியில் சிரித்த அதே சிரிப்பு. "விடு புள்ள. யாரோடதா இருந்தா என்ன, நம்ம வீட்டுக்குள்ளதானே." பாட்டிலை வாங்கித் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டேன்.

அட்டைகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் வெள்ளை அட்டைக்கு முன்னால் வந்து நிற்கிறேன், எதற்கு வந்தேன்? நகத்தால் அந்த டேப்பின் ஓரத்தைச் சுரண்டிப் பார்க்கிறேன், வெயில் சூட்டில் நன்றாகப் பிடித்துவிட்டது, பிய்த்தாலும் உள்ளே என்ன இருக்கப் போகிறது, இருவரும் சுட்டது கிளப்பின் ஒரே மாதிரித் துப்பாக்கி, ஒரே குண்டு, ஓட்டை எந்தப் பெயரும் சொல்லாது. யல்லா ஃபஸ்னா, லேட் ஆவுது என்று காரிலிருந்து கூப்பிடுகிறார். நல்ல மனுஷர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கும் அவரைப் பிடிக்கும், பிடிக்காமலா இத்தனை வருஷம்... ஆனால் யா அல்லாஹ், அந்த ஓட்டை அவருடையதாகவே இருக்கட்டும், தெரிந்தே மறைத்திருக்கட்டும், என்னைத் தோற்கடிக்க ஒரு நிமிஷமாவது அவர் ஆசைப்பட்டிருக்கட்டும் என்று என் உதடு தன்பாட்டில் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது, புருஷன் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று துஆ கேட்கிற பெண்டாட்டி எங்கேயாவது உண்டா, ஹார்ன் அடிக்கிறார், இதோ வந்துட்டேன் மச்சான் என்கிறேன், கை இன்னும் டேப்பின் மேலேதான் இருக்கிறது.