புல்லட்டின் எடை

தடதடவென்று கதவு அதிர்ந்தது. அழைப்பு மணி ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் கதவை இப்படித் தட்டும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. ஸ்ரீ சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்த கோதை, தலையில் பாதி பின்னலோடு கதவைத் திறந்தாள். கீழ் வீட்டு ரத்தினம்மா நின்றிருந்தார். கையில் மடித்த காலண்டர் தாள்.

"இதி ஏமிட்டி அம்மாயி? இது என்னன்னு நீயே பார்த்துச் சொல்லு."

தாளைப் பிரித்தார். உள்ளே ஆமணக்கு விதை மாதிரி உப்பிய ஒன்று மெதுவாகக் கால்களை அசைத்தது.

"உண்ணிங்க."

"உண்ணின்னு எனக்கும் தெரியும். இது எங்க இருந்துச்சு தெரியுமா? என் பூஜை ரூம் சுவர்ல. சாமி படத்துக்கு ரெண்டு விரக்கடை கீழ."

மாடி வீட்டு நாயை விட்டு இறங்கி, பதினெட்டுப் படி கடந்து, ரத்தினம்மாவின் ஹாலையும் தாண்டி அது பூஜை அறைக்குப் போயிருக்கிறது. திருப்பதிக்கு வருகிற எல்லோருக்கும் இருக்கும் ஆசைதான் அதற்கும் இருந்திருக்கும். வரிசையில் நிற்காமல் போனதுதான் குற்றம்.

"புதன்கிழமை என் பொண்ணு ஹைதராபாத்லேருந்து மூணு மாசக் குழந்தையோட வர்றா. அதுக்குள்ள உண்ணி போகணும். இல்லேன்னா நாய் போகணும்" என்ற ரத்தினம்மா, கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெரிய மனதோடு சேர்த்துக்கொண்டார். "நீங்க இருக்கலாம்."

பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தோ என்னவோ, நாய் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பெயர் புல்லட். கோதையின் கணவன் ரகு வைத்த பெயர். அந்தப் பெயருள்ள வண்டி வாங்கக் கடன் கிடைக்காத வருத்தத்தில், கிடைத்த நாய்க்கு வைத்துவிட்டான். முழங்கால் உயரம்கூட வராது. இடி, மிக்ஸி, ரத்தினம்மா, தன்னுடைய சொந்தத் தும்மல் ஆகிய நான்குக்கும் பயப்படும்.

பயப்படுவதற்கு அதற்கு நியாயமும் இருந்தது. போன வருடம் ரகு எங்கேயோ பெரிய நாய்களுக்கு விற்கும் உண்ணிப் பவுடரை வாங்கி வந்து, "சின்ன நாய்தானே, கொஞ்சமா போட்டாப் போதும்" என்று தாராளமாகத் தூவினான். அரை மணி நேரத்தில் வாயில் நுரை, உடம்பெல்லாம் வலிப்பு. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்த டாக்டர் கல்பனா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இதோட உடம்பு அளவு தப்பினா தாங்காது. இன்னொரு தடவை என்னாலயும் காப்பாத்த முடியுமான்னு தெரியாது."

கோதை கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு வைத்தியங்கள் இலவசமாகக் கிடைத்தன. ரத்தினம்மா, தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவச் சொன்னார். கேட்டருகில் இருந்த வாட்ச்மேன் கன்னையாவுக்கு அதில் நம்பிக்கையில்லை.

"மண்ணெண்ணெய்ம்மா. எங்க ஊர்ல எல்லா நாய்க்கும் அதான்."

"அந்த நாய்ங்கல்லாம் இப்ப எங்கண்ணா?"

கன்னையா யோசித்தார். "செத்துப்போச்சும்மா. உண்ணியால இல்ல."

பஸ்ஸில் உட்கார்ந்ததும், நேரத்தைப் பார்க்காமல் டாக்டர் கல்பனாவுக்குப் போன் செய்தாள். தூக்கக் கலக்கத்திலும் டாக்டர் தெளிவாகவே பேசினார். வலிப்பு வந்த நாய் என்பதால் வாயில் போடும் மாத்திரை வகைகளில் சிலது வேண்டாம். முதுகில் விடும் சொட்டு மருந்து போதும். வீட்டில் பூனை இல்லையே? இல்லை. நல்லது, பூனைக்கு அது ஆகாது.

"ஒரே மருந்துதான், ஆனா ரெண்டு பாக்கெட்ல வரும். நாலு கிலோ வரைக்கும் சின்னது. நாலுக்கு மேல பத்து கிலோ வரைக்கும் பெருசு. பெருசுல ரெண்டரை மடங்கு மருந்து இருக்கும். ஜனவரில மூணு கிலோ நானூறு இருந்துச்சுன்னு என் புத்தகத்துல இருக்கு. இப்ப ஜூன். நாளைக்குக் கொண்டு வாங்க, எடை போட்டுட்டு எதுன்னு சொல்றேன்."

சனிக்கிழமை கோதைக்கு மதியம் இரண்டு மணி வரை ஷிப்ட். அதனால் அந்தப் பொறுப்பு ரகுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்றரை கிலோமீட்டர். தவறு நடக்க வாய்ப்பே இல்லாத வேலை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் போன் செய்தபோது பின்னணியில் லாரி ஹாரன் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"பங்காருபாளையத்துல."

"ஆஸ்பத்திரி திருப்பதில இருக்கு."

"நைனா கூப்பிட்டாரு. மாம்பழ சீசனாச்சே, கடைல ஆள் பத்தலையாம். புல்லட்டையும் இட்டாந்துட்டேன். நீ ஏன் பயப்படறே, டாக்டருக்கு வேண்டியது எடைதானே? அது எங்க போட்டா இன்னா? நைனாகிட்ட இல்லாத தராசா?"

ரகுவின் அப்பா வீராசாமி, நெடுஞ்சாலை ஓரத்தில் மாம்பழக் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் கூலியாட்களோடு கூலியாளாகத் தோப்புக் காவல் காத்தவர், இன்று சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களிடம் கூடை கூடையாகப் பழம் வாங்கி, சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற கார்களை நிறுத்தி விற்கிறார். ரகுவின் அம்மா லட்சுமம்மா கூடவே இருந்து பழத்தைத் துடைத்து அடுக்குவார்.

"போட்டீங்களா?"

"பழக்கூடைல உட்கார வெச்சே போட்டோம். கூடை எடை கழிச்சி நாலு கிலோ நானூறு. டாக்டருக்கு மெசேஜ் அனுப்பிட்டேன். நாலுக்கு மேலன்னா பெருசு வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க. சித்தூர் போய் வாங்கியும் வந்துட்டேன்." ஒரே காலையில் இவ்வளவு வேலை செய்த பெருமை குரலில் தெரிந்தது.

"அஞ்சு மாசத்துல ஒரு கிலோ ஏறிடுச்சா?"

"அம்மா சமையல்."

"அங்க வந்து எவ்ளோ நேரமாச்சு?"

"ஒம்போது மணிக்கு வந்தோம்."

போனை வீராசாமி வாங்கிக்கொண்டார். "அம்மா கோதை, இதுக்கு எதுக்கு டாக்டரு? நம்ம மாட்டுக்குப் போடற மருந்து கீது. ஒரு மூடி ஊத்தி பக்கெட்ல கலக்கி முக்கி எடுத்தா..."

"மாமா, மாட்டு மருந்து வேணாம்."

"சரி, அப்ப இத்த ஊத்திடறேன். கையெல்லாம் கழுவிக்கினு ரெடியா கீறேன்."

"எதையும் ஊத்தாதீங்க. நான் வர்ற வரைக்கும் அதும்மேல ஒரு சொட்டு படக்கூடாது."

"ஏன், என் தராசு மேல நம்பிக்கை இல்லியா உனுக்கு? இருவது வருஷமா யேவாரம் பண்றேன். ஒருத்தன் வந்து எடை கம்மியா கீதுன்னு சொன்னதில்ல."

கோதைக்கு மாமனார் மேல் மரியாதை இருந்தது. தராசு மேல் மரியாதை வைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. பாக்டரியில் அவள் வேலையே அதுதான். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் எடை இயந்திரங்கள் மேல் படிக்கல்லை வைத்து, இயந்திரம் சொல்வது உண்மையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்து இல்லாத இயந்திரத்தை அங்கே ஒருவரும் நம்புவதில்லை. பங்காருபாளையத்தில் தலைமுறைக்கும் நம்புவார்கள் போலிருக்கிறது.

இரண்டு மணிக்கு வெளியே வந்தவள் மூன்று வண்டி மாறினாள். கடைசி வண்டி காத்திருந்த இடைவெளியில் சித்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு பொருள்கள் வாங்கினாள். மருந்துக் கடையில் அதே மருந்தின் சின்ன பாக்கெட். மளிகைக் கடையில் ஒரு கிலோ உப்பு.

மாலை ஐந்தரைக்கு அவள் நெடுஞ்சாலையில் இறங்கியபோது, கடையில் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்கான ஏற்பாடுகள் முடிந்திருந்தன. ரகு ஸ்டூலில் உட்கார்ந்து புல்லட்டை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தான். வீராசாமி மருந்துக் குப்பியின் மூக்கை உடைத்து, நாயின் கழுத்துக்கு மேல் கவிழ்க்கத் தயாராக நின்றார். பக்கத்தில், சென்னைப் பதிவெண் காரில் வந்த கண்ணாடிக்காரர் ஒருவர், எடை போட்டுக் கட்டிய பங்கனபள்ளிப் பெட்டியைக் கையில் ஏந்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதை நேராகப் போய்க் குப்பியை வாங்கிக்கொண்டாள்.

"சொட்டு படலை" என்றான் ரகு, அவசரமாக. "நீ சொன்னதால வெயிட் பண்ணோம்."

"தெரியுது."

"இன்னாம்மா இது?" வீராசாமிக்கு வாடிக்கையாளர் முன்னால் இப்படி ஆனதில் வருத்தம். "காலைலேருந்து அது சொறிஞ்சிக்கினே கீது. டாக்டரே பெருசுன்னு சொல்லிட்டாங்க. நீ டாக்டருக்கு மேலயா?"

"டாக்டர் பெருசுன்னு சொல்லல மாமா. நாலு கிலோவுக்கு மேலன்னா பெருசுன்னு சொன்னாங்க."

"நாலு நானூறு. நானே பார்த்தேன். புள்ளையும் பார்த்தான்."

"நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்."

பையிலிருந்து உப்புப் பாக்கெட்டை எடுத்துத் தராசின் மேல் வைத்தாள். சிவப்பு எண்கள் கொஞ்சம் துள்ளிவிட்டு நின்றன. 1.300.

ரகு எட்டிப் பார்த்தான். உப்பைப் புரட்டி, பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தான். திரும்ப எண்ணைப் பார்த்தான். எண் அப்படியேதான் இருந்தது. "கவர் வெயிட்டா இருக்கும்" என்றான், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

"முந்நூறு கிராம்ல கவரா?"

அவள் செல்போனில் கணக்குப் போட்டாள். நாலு கிலோ நானூறை ஒன்று புள்ளி மூன்றால் வகுத்தாள். மூன்று கிலோ முந்நூற்றெண்பத்து நாலு. டாக்டரின் புத்தகத்தில் ஜனவரியில் இருந்த அதே புல்லட். ஒரு பிடி சதைகூட ஏறவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"பெருசை விட்டிருந்தா, இந்த நேரத்துக்கு நீங்க சித்தூர்ல டிரிப் போட இடம் தேடிக்கினு இருந்திருப்பீங்க" என்றார் டாக்டர். "சின்னதை விடுங்க. நக்க எட்டாத இடமா, ரெண்டு தோளுக்கு நடுவுல, முடியை ஒதுக்கித் தோல் மேல. ரெண்டு நாளைக்குக் குளிப்பாட்டாதீங்க. ராத்திரி வரைக்கும் பக்கத்துலயே வெச்சிப் பாருங்க. படுக்கைத் துணியெல்லாம் சுடுதண்ணில அலசுங்க. உண்ணி நாளன்னைக்குள்ள உதிர்ந்துடும்."

கோதை ஸ்டூலில் உட்கார்ந்து நாயை வாங்கிக்கொண்டாள். முதுகு முடியை இரு பக்கமும் ஒதுக்கினாள். விரல் நகம் அளவுக்கு வெள்ளைத் தோல் தெரிந்தது. அதில் சின்னக் குப்பியைச் சொட்டுச் சொட்டாக அழுத்தினாள். புல்லட் ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துவிட்டு, அவள் கைக்கு அடியில் மூக்கை நுழைத்துக்கொண்டது. போன வருடம் இதே நேரம் அந்த மூக்கில் நுரை இருந்தது. அரை மணி நேரம் அவள் அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. முக்கால் மணியில் நாய் கொட்டாவி விட்டு, லட்சுமம்மா வைத்த தயிர்சாதத்தைத் தின்னப் போனது.

கண்ணாடிக்காரர் இன்னும் போகவில்லை. பெட்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, உப்புப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீராசாமி நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாகப் பார்க்க அங்கே புதிதாக எதுவும் ஓடவில்லை.

கோதைக்கு மாமனாரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மெஷின் என்றால் கோளாறு வரத்தான் செய்யும். பாக்டரியில் தினமும் ஒன்றாவது வரும். அந்த மரியாதையோடுதான் சொன்னாள்.

"மாமா, இதை நாளைக்கே ரிப்பேருக்குக் குடுத்துடுங்க. கிலோவுக்கு முந்நூறு கிராம் கூடக் காட்டுது. பாவம், உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

வீராசாமி வாயைத் திறப்பதற்குள், பழம் துடைத்துக்கொண்டிருந்த லட்சுமம்மா நிமிர்ந்தார். மருமகளுக்கு உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தைத் தவிர அவர் முகத்தில் வேறு எதுவும் இல்லை.

"ரிப்பேர்லாம் இல்ல கோதை, அது விக்கற தராசு. வாங்கற தராசு உள்ளார கட்டிலுக்கு அடியில கீது, அடுத்த தபா ரெண்டுலயும் நாயை வெச்சி நடுவால ஒரு கணக்கு எடுத்துக்கோ."