ஸ்கேனர் கவ்விக்கொண்ட பிலிம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு பழைய பிலிம் ஸ்கேனருக்குள். அண்ணன் இறந்து இரண்டு மாதம் கழித்து அவருடைய மேசையை ஒழிக்கும்போது அண்ணி அதைக் கண்டெடுத்தார். உள்ளே ஒரு நெகட்டிவ் துண்டு மாட்டியிருந்தது. நுனி மட்டும் வெளியே தெரிந்தது. கம்ப்யூட்டர் சொன்னால்தான் துப்புகிற வகை ஸ்கேனர் அது. பிடித்து இழுத்தால் பிலிம் கிழிந்துவிடும்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். 'தொழில்நுட்பம் என்பது' என்று ஒன்று. (அடித்துவிட்டேன். கட்டுரைப் போட்டிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.) 'என் அண்ணன் நல்லவர்' என்று இன்னொன்று. செத்துப்போனவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். மூன்றாவது, 'அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்' என்று...

அது இப்போது வேண்டாம்.

2

பக்கத்தில் கிடந்த உறையில் அண்ணன் கையெழுத்தில் ஒரே சொல்: பாப்பா.

பாப்பா ஒன்பது நாள் இருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அண்ணி வேறொரு வார்டில் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவள் முகம் பார்க்கவில்லை. அண்ணன் ஒரு முழு ரோல் படம் எடுத்திருந்தார். ஆனால் பிலிமைச் சுற்றி முடிக்கும் முன்பே கேமராவின் பின்கதவைத் திறந்துவிட்டதாகவும், வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விட்டதாகவும் சொன்னார்.

"தூக்கிப் போட்டுட்டேன்னாரே தம்பி," என்றார் அண்ணி, உறையைத் தடவிக்கொண்டு. "இருபத்தாறு வருஷமா வெச்சிருந்திருக்காரே. எனக்கு ஒரு தடவை காட்டக் கூடாதா?"

3

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் ஸ்கேனரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "சார், இது கூடப் பொறந்த கம்ப்யூட்டரெல்லாம் எப்பவோ செத்துடுச்சு. இது மட்டும் விதவையா நிக்குது." நல்ல வேளை, அண்ணி வரவில்லை.

(கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்தேன். உண்மையில் "பார்க்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார். நான் இல்லாததைச் சேர்ப்பவன், இருப்பதை மறைப்பவன். வாசகர் இதைக் குறித்துக்கொள்ளவும்.)

என் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரு சின்ன ஓட்டை. ஸ்கேனரின் வயரோ கட்டைவிரல் தடிமன். கடையில் வாங்கிய மூன்று அடாப்டர்களை ஒன்றன் வாலில் ஒன்றாகச் செருகினேன். ஸ்கேனர் செய்த கம்பெனி அதற்கான மென்பொருளை எப்போதோ கைகழுவிவிட்டது. எங்கோ இருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஸ்கேனர்களுக்கென்று எழுதிய ஒன்றை இறக்கிக்கொண்டேன். ஸ்கேனரை முதலில் போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைப் போட வேண்டும் என்று தெரியாமல் நான்கு நாள் போனது.

ஐந்தாம் நாள் உள்ளே ஏதோ உறுமியது. அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

4

இங்கே கதைக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் பாப்பாவின் முகம் பளிச்சென்று வருகிறது. மற்றதில் ஒன்றுமே வரவில்லை. இரண்டும் பொய்.

அந்தத் துண்டில் இருந்த ஆறு படங்களில் ஐந்து வெறும் வெள்ளை. ஆறாவதில் துணிக்கு வெளியே ஒரு சின்னக் கை, மூடிய விரல்கள், மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தை வெளிச்சம் தின்றிருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து எதையாவது மீட்டுவிட முடியாதா என்றுதான் அண்ணன் இத்தனை வருடமும் அந்த ஸ்கேனரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

அண்ணி திரையில் அந்தக் கை மேல் விரலை வைத்தார். வைத்த விரலை வெகு நேரம் எடுக்கவில்லை.

"அவர வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன் தம்பி. பெத்த பிள்ளை படத்தக்கூட உருப்படியா எடுக்கத் தெரியலன்னு. ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. தலையக் குனிஞ்சுக்குவார்." பிறகு, "அவசரப்படுற மனுஷனே இல்ல. எப்படித்தான் திறந்தாரோ," என்றார்.

நான் சொன்னேன்: "

5

மேற்கோள் குறி திறந்தபடியே நிற்கிறது. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. பிலிமைத் துப்பும் பொத்தானை அழுத்தினேன். அது சமர்த்தாக வெளியே வந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

அடித்துவிட்ட மூன்றாவது தொடக்கத்தை இப்போது முழுதாக எழுதுகிறேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தேன். வயது இருபத்திரண்டு. பாப்பாவுக்கு அது ஒன்பதாம் நாள். அண்ணன் டாக்டரைப் பார்க்க உள்ளே போகும்போது கேமராவை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். பிலிம் முடிந்துவிட்டதா என்று பார்க்கப் பின்கதவைத் திறந்தவன் நான். அண்ணன் வந்து பார்த்தார். மூடினார். என் தோளில் கை வைத்து, "நான்தான் திறந்தேன். புரியுதா?" என்றார்.

அண்ணி அவரைத் திட்டிய பல நாட்களில் நானும் அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாளும் சோறு தொண்டையில் சிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது தாங்க முடியவில்லை.

மேலே வாசகர் என்று அழைத்தது உங்களைத்தான் அண்ணி. என் கதைகளை அச்சுக்குப் போகும் முன் படிப்பவர் நீங்கள் ஒருவர்தானே. நேரில் சொல்ல வாய் வராததால் எப்போதும்போல் தாளில் கொண்டுவந்திருக்கிறேன். ஒற்றுப் பிழைகளை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். அடுத்த பகுதியில் நான் கை வைக்கவில்லை. பென்சில் உங்களிடம் இருக்கிறது.

6