படிக்கட்டுத் திருப்பத்தில்

"பெட்டியை வை கீழே! எவனும் தொடக்கூடாது!"

மாடி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் அலமாரி மாமா. அப்பாவும் அவரும் சேர்ந்து ஊரில் பாதிப் பேருக்கு வீடு மாற்றிக் கொடுத்தவர்கள். ஒற்றை ஆளாக அலமாரியை முதுகில் ஏற்றிவிடுவார் என்பதால், சின்ன வயதில் அவள் வைத்த பெயர் அது. இப்போது அதே உடம்பு கதவை மறித்து நின்றது. உள்ளறையில் அம்மா இப்போதுதான் அழுது ஓய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அப்பாவின் உடல் இருந்த பெட்டியைத் தூக்க வந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தம்பியோ சட்டைக் கையை மடிக்கத் தொடங்கிவிட்டான். கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்கிறவன் இல்லை அவன்.

"விடிகாலையில போயிருக்கான். எனக்குச் சொல்லணும்னு இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தோணலை. லாரி ஷெட்டுல யாரோ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

"நீங்கதானே அப்பாகூட இனிமே வேலைக்கு வர மாட்டேன்னு வெட்டிக்கிட்டுப் போனீங்க," என்றான் தம்பி. "இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு உரிமை?"

"டேய்!"

மாமா ஓரடி முன்னால் வந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள். அவளுக்கும் கத்தவேண்டும் போலத்தான் இருந்தது. அப்பா படுத்த படுக்கையைக்கூட இன்னும் சுருட்டவில்லை, அதற்குள் என்ன பஞ்சாயத்து என்று இரண்டு பேரையும் கேட்கத் தோன்றியது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறிப்போயிருந்தன. ஒரு காலில் மட்டும்தான் செருப்பு. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"நீ உள்ள போய் அம்மாவைப் பாரு," என்று தம்பியிடம் மெல்லச் சொன்னாள். அவன் முறைத்துவிட்டுப் போனான்.

"தப்பு என்னோடது மாமா. நான்தான் சொல்லலை."

"ஏன்?"

"போனைக் கையில எடுத்தேன். நீங்க வர மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் கனம் தூக்கக்கூடாதுன்னாரு. இவன் கேக்கலை. நான் கூட இல்லைன்னா வீட்டோட கிடப்பான்னு நினைச்சுத்தாம்மா வர மாட்டேன்னேன். வேற ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தூக்கியிருக்கான், கிறுக்கன்."

ஆறுதல் சொன்னால் மறுபடி வெடித்துவிடுவார் என்று பயம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்தார், மீதி சட்டையில் சிந்தியது.

"இந்தப் படிக்கட்டு இவங்களுக்குப் பழக்கமில்லை." குரல் இறங்கியிருந்தது. "ரொம்பக் குறுகல். சரிச்சுட்டாங்கன்னா அவன் தலை இடிக்கும்."

"நீங்களே எடுங்க மாமா. எங்களுக்கும் அதுதான் நிம்மதி."

கீழ்ப்பக்கத்தை மாமா பிடித்தார், பின்னால் நடந்து இறங்கவேண்டிய பக்கம். மேல்பக்கத்துக்குத் தம்பியே வந்து நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

முதல் திருப்பத்தில் மாமா நின்றுவிட்டார்.

"கனமா இருக்கா மாமா?" என்றான் தம்பி. மேலே நின்றிருந்த அவள் ஓரடி முன்னால் வந்தாள். இவருக்கும் ஏதாவது ஆகிவிட்டதா? இல்லை, மறுபடியும் சண்டையா? மாமா காலால் படியைத் துழாவியபடி, பெட்டியின் தலைப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் நடந்து இறங்குகிறவருக்குப் படி தெரியாது. மேலே பிடித்திருப்பவர்தான் சொல்லிக்கொண்டே வரவேண்டும். இத்தனை வருடமும் மேலே பிடித்தது அப்பா.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"இடது பக்கம் திரும்புங்க மாமா. இன்னும் கொஞ்சம். ம்... இப்ப ஒரு படி."

மாமா தலையைத் தூக்கவில்லை. காலை மெல்லப் பின்னால் எடுத்து வைத்தார்.

"சத்தமாச் சொல்லும்மா," என்றார்.